போர்டில் விட்டுப்போன நாலு ஓட்டைகள்: டீபக் போர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பெடட் சாதனங்களுக்கு, அதாவது உள்ளே சிப் வைத்த பெட்டிகளுக்கு, ஃபர்ம்வேர் (அந்தச் சிப்பில் பதிந்து ஓடும் புரோகிராம்) எழுதுவது என் வேலை. கல்லூரி மாணவர்கள், சின்ன அளவில் சாதனம் தயாரிப்பவர்கள், ரவுட்டரும் கேமராவும் ரிப்பேர் செய்யும் நண்பர்கள் என்று பலரும் டீபக் போர்ட் பற்றி ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

டீபக் போர்ட் என்றால் என்ன? என் வீட்டில் அது இருக்கிறதா?

இருக்கிறது. வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் பல்பு என்று உள்ளே ஒரு சிப்பும் அதில் ஓடும் புரோகிராமும் உள்ள எதை எடுத்தாலும் இருக்கும். புரோகிராமை முதன்முதலில் சிப்புக்குள் ஏற்ற ஒரு வழி வேண்டும். அது எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்க்கவும் ஒரு வழி வேண்டும், அப்படிப் பிழை தேடுவதுதான் டீபக். இந்தச் சாதனங்களுக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அதனால் சிப்பின் சில பின்களை (கால்களை) இதற்கென்றே ஒதுக்கி, சர்க்யூட் போர்டில் ஓரமாக ஓட்டையாகவோ செம்புப் பொட்டாகவோ வெளியே கொண்டுவந்து விடுவார்கள். அதுதான் டீபக் போர்ட். சாதனம் கடைக்கு வந்த பிறகும் அந்தப் பொட்டுகள் அங்கேயேதான் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், பல சாதனங்களில் அவை உயிரோடும் இருக்கும்.

இதை எதற்காகக் கண்டுபிடித்தார்கள்?

உளவு பார்க்க இல்லை, சிப்பின் கால்களைப் போர்டோடு ஒட்டும் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க. 1980களில் சிப்களின் கால்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. போர்டு பல அடுக்காக மாறியது. கால்களே வெளியே தெரியாமல் சிப்புக்கு அடியில் போகத் தொடங்கின. ஒவ்வொரு காலாக ஊசி வைத்துச் சோதிக்கும் பழைய முறை எடுபடவில்லை. 1985இல் நிறுவனங்கள் சில சேர்ந்து ஒரு குழு அமைத்தன. அந்தக் குழுவின் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஜேடேக். 1990இல் அது ஐஇஇஇ 1149.1 என்ற தரநிலையாக வந்தது. நாலே நாலு கம்பிகளில், சிப்பின் ஒவ்வொரு காலின் மின்னழுத்தத்தையும் உள்ளிருந்தே ஆட்டிப் பார்க்கலாம். ஒரு சிப்பில் ஆட்டியது அடுத்த சிப்பில் தெரிந்தால் நடுவில் உள்ள ஈயம் நல்ல ஈயம்.

அப்புறம் சிப் தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள்: உள்ளே போக ஒரு வழி கிடைத்துவிட்டது, அதே வழியில் பிராசஸரையும் நிறுத்திப் பார்க்கலாமே? மெமரியைப் படிக்கலாம், எழுதலாம், ஒவ்வொரு கட்டளையாக ஓடவிடலாம். ஃபர்ம்வேர் எழுதுபவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் யார் கேட்கிறார்கள் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்தத் தரநிலையில் கிடையாது. தொழிற்சாலைக்குள் நடக்கும் சோதனைக்கு அது தேவைப்படவும் இல்லை.

யூஆர்ட், ஜேடேக், எஸ்டபிள்யூடி என்று மூன்று பெயர்கள் சொல்கிறார்களே, வித்தியாசம் என்ன?

யூஆர்ட் என்பது பேச்சு. சாதனம் தன் வேலையை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும், நாம் தட்டச்சு செய்தால் கேட்டுக்கொள்ளும். அது எவ்வளவு சொல்ல வேண்டும் என்று முடிவு செய்வது உள்ளே ஓடும் புரோகிராம். ஜேடேக் பேச்சுவார்த்தை நடத்தாது. பிராசஸரின் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, மெமரியை நேராகக் கேட்கும். புரோகிராமுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எஸ்டபிள்யூடி என்பது அதே வேலையை இரண்டே கம்பியில் செய்ய ஏஆர்எம் நிறுவனம் கொண்டுவந்த வடிவம். சின்ன மைக்ரோகன்ட்ரோலர்களில் அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

ஒரு பெட்டியைத் திறந்தால் நிஜமாகவே என்ன தெரியும்?

இதை மேசையில் வைத்துக் காட்டினால்தான் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பழைய ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ரப்பர் கால்களைப் பெயர்த்தால் ஸ்க்ரூ இருக்கும். மூடியைக் கழற்றினால் பச்சை போர்டு, நடுவில் பெரிய சிப், பக்கத்தில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சிப். ஓரத்தில் வரிசையாக நாலு ஓட்டைகள், எதுவும் சொருகாமல் காலியாக. பெரும்பாலும் அதுதான் யூஆர்ட். பல போர்டுகளில் பக்கத்திலேயே பெயரும் அச்சிட்டிருக்கும்.

பெயர் இல்லையென்றால் மல்டிமீட்டர் போதும். பவர் போடாமல், ஒரு முனையைப் பவர் ஜாக்கின் கிரவுண்டில் வைத்து மற்றதால் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டால், பீப் அடிப்பது கிரவுண்ட். பவர் போட்டு அளந்தால் ஒன்று ஆடாமல் அசையாமல் 3.3 வோல்ட் காட்டும், அது சப்ளை. அதைத் தொட வேண்டாம். இன்னொன்று பூட் ஆகும் முதல் சில விநாடிகள் மட்டும் 3.3க்குக் கீழே தள்ளாடிவிட்டு அப்புறம் நிலைக்கும். சாதனம் பேசிக்கொண்டிருக்கும் கால் அதுதான். அதை யூஎஸ்பி சீரியல் அடாப்டரின் வாங்கும் காலோடு இணைத்து, கிரவுண்டை கிரவுண்டோடு சேர்த்து, வேகத்தை 115200 என்று வைத்தால் பெரும்பாலான ரவுட்டர்களில் திரை நிறைய எழுத்து ஓட ஆரம்பிக்கும்.

பூட்லோடரின் (பவர் போட்டதும் முதலில் எழுந்து மற்றதை ஏற்றும் சின்னப் புரோகிராம்) பெயர், வெர்ஷன், ரேம் அளவு, ஃபிளாஷில் (பவர் போனாலும் அழியாத மெமரி) எந்த இடத்தில் எது இருக்கிறது என்ற பட்டியல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நூற்றுக்கணக்கான வரிகள். கடைசியில் ‘எண்டரை அழுத்தினால் கன்சோல் இயங்கும்’ என்று ஒரு வரி வந்து நிற்கும். அழுத்தினால் சில ரவுட்டர்களில் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் ரூட் ஷெல், அதாவது முழு அதிகாரமும் உள்ள கட்டளை வரி, வந்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வயிற்றைக் கலக்கியது. அதே மாடல் என் தெருவிலேயே எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

லாகின் கேட்கும்படி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஓரளவுக்குத்தான். லாகின் கேட்பது லினக்ஸ். அதற்கு முன்பே பூட்லோடர் எழுந்துவிடுகிறது. யூ-பூட் என்ற பூட்லோடர் உள்ள பல சாதனங்கள் ஓரிரு விநாடி காத்திருந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்தினால் நின்று தன் கட்டளை வரியைக் கொடுக்கும். அங்கே கெர்னலுக்குப் போகும் பூட் வரியை மாற்றி, வழக்கமான முதல் புரோகிராமுக்குப் பதில் ஷெல்லை ஓடச் சொன்னால், லாகின் என்ற படியே வராது.

சரி, காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யம் ஆக்கிவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். யூ-பூட்டில் பூட் டிலே 0 என்றால் ‘காத்திருக்காதே’ என்று மட்டும்தான் பொருள், கீ அழுத்தியிருந்தால் அது அப்போதும் நிற்கும். கீயைப் பார்க்கவே கூடாது என்றால் -2 என்று வைக்க வேண்டும். இதைத் தவறவிட்ட போர்டுகள் நிறைய. அதையும் சரியாக வைத்த போர்டில்கூட, கெர்னலைப் படிக்கும் அந்த நொடியில் ஃபிளாஷ் சிப்பின் கால்களைக் குறுக்கே தொட்டுப் படிப்பைக் கெடுத்தால், பூட் தவறி யூ-பூட் கட்டளை வரிக்கே வந்து விழுவதுண்டு. பூட் தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசிக்காததால் வரும் வினை.

இது எதுவும் வேண்டாமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. மேலே சொன்ன எட்டுக் கால் சிப்தான் ஃபிளாஷ். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புரோகிராமர் என்ற கருவியில் ஒரு கிளிப்பை மாட்டி அந்தச் சிப்பைக் கவ்வினால், உள்ளே இருக்கும் மொத்த ஃபர்ம்வேரும் ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். லாகின் கடவுச்சொல்லின் ஹாஷும் (அதை அப்படியே வைக்காமல் உருமாற்றி வைத்த வடிவம்) அதில்தான் இருக்கும்.

பெட்டியைக் கையில் வைத்திருப்பவரால்தானே இதெல்லாம் முடியும்? இன்டர்நெட் வழியாக யாரும் டீபக் பின்னைத் தொட முடியாதே?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. தயாரிப்பு நிறுவனங்களின் மீட்டிங்கில் இந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே இதற்குப் பதில் சொல்லத்தான்.

தொட முடியாது என்பது உண்மை. ஆனால் தாக்க நினைப்பவர் உங்கள் வீட்டுப் பெட்டியைத் தொட வேண்டியதில்லை. கடையில் அதே மாடலை ஒன்று வாங்கித் தன் மேசையில் திறந்தால் போதும். அதில் கிடைப்பது அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியதாக இருந்தால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை, தன் பெட்டியைத் தானே திறந்திருக்கிறார், அவ்வளவுதான். அதே ரகசியம் எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக இருந்தால், ஒன்றைத் திறந்தவர் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். மற்றவற்றை அவர் இன்டர்நெட் வழியாகவே திறப்பார்.

2016இல் மிராய் என்ற மால்வேர் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அதனிடம் இருந்தது அறுபத்துச் சொச்சம் பயனர் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல் மட்டும்தான். அவற்றில் சில, உரிமையாளர் நினைத்தாலும் மாற்ற முடியாதபடி ஃபர்ம்வேரிலேயே பதிந்தவை. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் (டிஎன்எஸ்) டின் என்ற நிறுவனத்தை அது தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

அதே 2016இல் ஏயல் ரோனன், கொலின் ஓஃப்ளின், அடி ஷமீர், அச்சி-ஓர் வைன்கார்டன் என்ற நான்கு ஆய்வாளர்கள் ஃபிலிப்ஸ் ஹ்யூ பல்புகளை எடுத்துக்கொண்டார்கள். சிப் வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே, ஃபர்ம்வேர் அப்டேட்டைக் காக்கும் சாவியை (ரகசிய எண்ணை) கண்டுபிடித்தார்கள். அந்த மாடல் பல்புகள் அனைத்துக்கும் சாவி ஒன்றுதான். வயர்லெஸ் பகுதியில் இருந்த வேறொரு பிழையையும் சேர்த்து, ஒரு பல்பிலிருந்து பக்கத்துப் பல்புக்குத் தொற்றிக்கொண்டே போகும் புழுவை உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். டிரோனைப் பறக்கவிட்டு வெளியிலிருந்தே கட்டடத்தின் விளக்குகளைப் பிடித்தும் காட்டினார்கள். இங்கே அவர்கள் சாவியை எடுத்தது டீபக் பின் வழியாக இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மேசை மேல் ஒரு பல்பு, ஊர் முழுக்க அதன் பலன் என்ற கணக்கு அதேதான்.

என் அனுபவம் ஒன்று. எங்கள் சித்தப்பா தோட்டத்தில் மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறார். சிம் போட்ட பெட்டி, ஃபோனிலிருந்தே கிணற்று மோட்டாரை ஓடவிடலாம், நிறுத்தலாம். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்து தோட்டத்துக்கு ஓட வேண்டியதில்லை, விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் அது உறைந்துபோய் நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து மெயின்ஸ் பகுதியைப் பிரித்துவைத்து, போர்டின் யூஆர்ட்டில் அடாப்டரை மாட்டினேன். பூட் ஆகும்போதே சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் அப்படியே அச்சிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டு அவருடைய பெட்டியையும் மாட்டிப் பார்த்தேன். அதே பெயர், அதே கடவுச்சொல். எந்த மோட்டார் என்று பிரித்துச் சொல்வது பெட்டியின் வரிசை எண் மட்டும், அதுவும் ஒன்றுக்கு அடுத்து ஒன்று.

அதற்கு மேல் நான் போகவில்லை, அது அடுத்தவர் தோட்டம். சித்தப்பா, “என்னப்பா, மோட்டாருக்கெல்லாமா பாஸ்வேர்டு?” என்று கேட்டார். கிணற்றுக்குள் ஆள் இறங்கி ஃபுட்வால்வைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ எங்கிருந்தோ ஓடவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டார். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் எப்போதும் பிடுங்குவதில்லை. தயாரித்த நிறுவனத்துக்கு விவரமாக எழுதினேன். பல வாரம் கழித்து அப்டேட் வந்தது. திரையில் அச்சிடும் வரிகளை எடுத்துவிட்டார்கள், கடவுச்சொல் அப்படியே இருந்தது. வாசலுக்கு வெள்ளையடித்துவிட்டுப் பூட்டை மாற்றாமல் விட்ட கதை. மறுபடியும் எழுதினேன், மூன்றாவது தடவைதான் ஒரு இன்ஜினியர் கூப்பிட்டுப் பேசினார்.

பின் பெயர்களை அழித்துவிட்டு, கனெக்டரும் வைக்காமல் விட்டால்?

ஒரு மாலை நேரம் தாமதமாகும். ஜேடேக் சிப்பைச் சரியான கம்பிகளில் கேட்டால் அது தன் அடையாள எண்ணைத் தானாகவே சொல்லும். அதனால் எல்லாச் சேர்க்கைகளையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தால் போதும். அந்த வேலையைத் தானாகச் செய்ய ஜோ கிராண்ட் என்பவர் 2013இல் ஜேடேகுலேட்டர் என்ற கருவியை வெளியிட்டார். 24 புள்ளிகளில் ஒயரை ஒட்டிவிட்டால் எது எந்தப் பின் என்று அதுவே சொல்லிவிடும். போர்டின் மேல் எபாக்சி என்ற கெட்டியாகும் பசையை ஊற்றுவதும் இதே வகைதான். மறைப்பது கூடுதலாக இருக்கட்டும், அதையே பாதுகாப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள்.

எங்கள் சிப்பில் ரீட் புரொடெக்ஷன் (உள்ளே இருப்பதை வெளியே படிக்க விடாத பூட்டு) போட்டுவிட்டோம். இனி கவலையில்லைதானே?

போட்டது நல்லது. அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாரும் பயன்படுத்தும் எஸ்டிஎம்32 வகையையே பார்ப்போம். அதன் பல மாடல்களில் மூன்று நிலைகள். நிலை 0இல் எல்லாம் திறப்பு. நிலை 1இல் டீபக்கர் (டீபக் போர்ட்டில் மாட்டும் கருவி) இணையலாம், ஃபிளாஷைப் படிக்க முடியாது, மறுபடி 0க்கு இறக்கினால் ஃபிளாஷ் முழுதும் அழிந்துவிடும். நிலை 2இல் டீபக் வழியே கிடையாது, திரும்பி வரவும் முடியாது. 2017இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஏஐஎஸ்இசி ஆய்வகத்தைச் சேர்ந்த யோஹனஸ் ஓபர்மையர், ஸ்டெஃபான் டாட்ஷ்னர் இருவரும் எஃப்0 வரிசையில் இதைச் சோதித்தார்கள். நிலை 1இல், டீபக்கர் இணைந்த கணத்துக்கும் பூட்டு விழும் கணத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருந்தது. அதற்குள் மெமரியில் ஒரு ‘சொல்’லை (நாலு பைட்) படித்துவிடலாம். பவரை அணைத்துப் போட்டு அடுத்த சொல். இப்படியே முழு ஃபர்ம்வேரும்.

நிலை 2இல் அவர்கள் கண்டது இன்னும் யோசிக்க வைப்பது. நிலையைக் குறிக்கும் பிட்டுகளில் ஒரு குறிப்பிட்ட அமைப்பு நிலை 0, இன்னொரு குறிப்பிட்ட அமைப்பு நிலை 2, மற்ற எதுவாக இருந்தாலும் நிலை 1 என்பது சிப்பின் வடிவமைப்பு. ஆக, நிலை 2இல் ஒரே ஒரு பிட் புரண்டாலும் நிலை 1க்கு இறங்கிவிடும். சிப்பின் மேல் உறையை நீக்கி அந்த இடத்தில் புற ஊதா ஒளி காட்டி அவர்கள் அதைச் செய்தார்கள். சந்தேகம் வந்தால் அதிகக் கட்டுப்பாட்டுப் பக்கம் சாய வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் கவனிக்கவில்லை.

இன்னொரு வகை, கிளிட்ச். சிப் எழுந்து ‘பூட்டு போட்டிருக்கிறதா?’ என்று பார்க்கும் அந்த நொடியின் துணுக்கில் சப்ளை வோல்டேஜைச் சட்டென்று கீழே இழுத்துவிட்டால், அது தப்பாகப் படித்து, பூட்டு இல்லை என்று நினைத்துக்கொள்ளும். 2020 ஜூனில் லிமிட்டட் ரிசல்ட்ஸ் என்ற பெயரில் எழுதும் ஆய்வாளர் நார்டிக் என்ஆர்எஃப்52 சிப்களில் இப்படி எஸ்டபிள்யூடி பூட்டைத் திறந்து காட்டினார். மறு ஆண்டு மே மாதம், ஆப்பிளின் ஏர்டேக் (தொலைந்த பொருளைத் தேட உதவும் குட்டிச் சாதனம்) கடைக்கு வந்த சில நாள்களிலேயே, தாமஸ் ராத் அதே வழியில் அதன் ஃபர்ம்வேரை எடுத்து மாற்றியும் எழுதினார். அதற்குள் இருந்ததும் என்ஆர்எஃப்52 குடும்பத்துச் சிப்தான்.

அப்படியானால் பூட்டுவதில் பயனே இல்லையா?

இருக்கிறது. திறந்த யூஆர்ட்டுக்கு ஒரு ஒயரும் பத்து நிமிடமும் போதும். கிளிட்சுக்குக் கருவி, அனுபவம், சில நாள் உழைப்பு எல்லாம் வேண்டும். பூட்டு அந்த விலையைத்தான் ஏற்றுகிறது. அந்த விலையைக் கொடுத்தவருக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தயாரிப்பாளர் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவி கொடுங்கள். பின்னை மூடுவதற்கும் முன்னால் இதைச் சொல்கிறேன். தொழிற்சாலையில் புரோகிராம் ஏற்றும்போதே அந்தப் பெட்டிக்கென்று ஒரு சாவியை உருவாக்கி ஏற்றிவிடலாம். சர்வர் பக்கம், ஒரு பெட்டியின் சாவியோடு வருபவர் அந்தப் பெட்டியைப் பற்றி மட்டுமே பேச முடியும்படி வையுங்கள். மொபைல் ஸ்டார்ட்டரில் இது இருந்திருந்தால், நான் பார்த்த கடவுச்சொல் சித்தப்பா மோட்டாரோடு நின்றிருக்கும். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு டிஜிட்டல் கையெழுத்து போடும் ரகசியச் சாவி பெட்டிக்குள் இருக்கவே கூடாது. சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும் இருந்தால் போதும்.

அடுத்தது பூட்டு. சிப்பில் எது உண்டோ அதைப் போடுங்கள். பல இடங்களில் பூட்டு போடும் வரி கோடில் இருக்கும், டீபக் செய்ய இடைஞ்சல் என்று அதை ஓடாதபடி கமென்ட் ஆக்கி வைத்திருப்பார்கள், அப்படியே உற்பத்திக்குப் போய்விடும். அதனால் உற்பத்தி ஜிக்கிலேயே (போர்டைப் பொருத்திச் சோதிக்கும் அமைப்பு) கடைசிச் சோதனையாக டீபக்கரை இணைத்துப் பாருங்கள். இணைந்துவிட்டால் அந்தப் போர்டு ஃபெயில். இந்த ஒரு சோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, நான் பார்த்த சின்ன நிறுவனங்களில் இதைச் செய்பவர்கள் அதைவிடக் குறைவு.

செக்யூர் பூட் (கையெழுத்து சரியான ஃபர்ம்வேரை மட்டும் ஓடவிடுவது), ஃபிளாஷ் என்கிரிப்ஷன் (ஃபிளாஷில் உள்ளதைப் பூட்டெழுத்தாக வைப்பது) எல்லாம் இதற்குப் பிறகு. சிப் ஆதரித்தால் கட்டாயம் போடுங்கள். எஸ்டிஎம்32 எச்5 போன்ற புதிய சிப்களில், சரியான சான்றிதழ் காட்டினால் மட்டும் டீபக் திறக்கும் வசதியும் வந்துவிட்டது. சர்வீசுக்குத் திரும்பி வரும் போர்டுகளைப் பார்க்க அது நல்ல வழி.

எல்லாவற்றையும் மூடிவிட்டால் ரிப்பேர் செய்பவர்கள் கதி?

இந்தக் கவலை எனக்கும் உண்டு. 2000களில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் ஃபர்ம்வேர் மாற்றும்போது சொதப்பிச் செத்துப்போனவற்றை, கம்ப்யூட்டரின் பிரின்ட்டர் போர்ட்டில் நாலு ரெசிஸ்டர் வைத்துச் செய்த ஜேடேக் கேபிளால் பிழைக்க வைத்தார்கள். அந்த ரவுட்டரைச் சுற்றி வளர்ந்த ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேர் இன்றுவரை எத்தனையோ பழைய ரவுட்டர்களைக் குப்பைக்குப் போகாமல் காக்கிறது. ஜேடேகுலேட்டர் செய்த அதே ஜோ கிராண்ட், தன் ரகசிய எண்ணை மறந்துபோன ஒருவருக்காக ட்ரெசர் ஒன் என்ற கிரிப்டோ வாலட் கருவியை கிளிட்ச் செய்து, சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள கிரிப்டோவை மீட்டுக் கொடுத்தார். 2022 ஜனவரியில் அதை வீடியோவாகவும் வெளியிட்டார்.

என் கட்சி இதுதான்: திறக்கலாம், ஆனால் திறக்கும்போது ரகசியம் அழிய வேண்டும். நிலை 1இலிருந்து 0க்கு இறக்கினால் ஃபிளாஷ் அழிவது போல. பெட்டி உரிமையாளருடையது, அதில் அவர் வேறு ஃபர்ம்வேர் போட்டுக்கொள்ளட்டும். முந்தைய ஃபர்ம்வேரில் இருந்த சாவிகள் மட்டும் அவரோடு போகக் கூடாது. தனிச் சாவி கொடுத்த நிறுவனத்துக்கு இப்படித் திறந்துவிடப் பயப்படக் காரணமே இல்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி வைத்திருப்பவர்கள்தான் எதையும் திறக்கவிட மாட்டார்கள்.

சட்டமோ தரநிலையோ ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. இந்திய அரசு 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்கான அத்தியாவசியப் பாதுகாப்புத் தேவைகளை அறிவித்தது, 2025 ஏப்ரலிலிருந்து அவை கட்டாயம். யூஆர்ட் போன்ற சீரியல் வழிகள் மூடியிருக்க வேண்டும் அல்லது சிக்கலான கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும், ஜேடேக், எஸ்டபிள்யூடி முடக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது அவற்றின் பாதுகாப்பு சரியாக அமைந்திருக்க வேண்டும், சாவிகளும் சான்றிதழ்களும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பவை அதன் முதல் பகுதியிலேயே வருகின்றன. நான் மிகவும் வரவேற்கும் விதிகள் இவை. மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஐரோப்பாவின் இடிஎஸ்ஐ இஎன் 303 645 தரநிலையும், கைக்கு எட்டும் டீபக் வழியை மென்பொருளில் முடக்கியிருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. அங்கே ஏற்றுமதி செய்பவர்கள் இப்போதே தயாராக வேண்டும்.

மாணவன் நான். கற்றுக்கொள்ள எப்படி ஆரம்பிப்பது?

ஒரு பழைய ரவுட்டர், மல்டிமீட்டர், 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் அடாப்டர் போதும். அடாப்டரில் 5 வோல்ட் ஜம்பர் இருந்தால் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஜேடேக் பக்கம் வரும்போது ஓப்பன்ஓசிடி என்ற இலவச மென்பொருளோடு பழகுங்கள், அதுவும் 2005இல் ஒரு மாணவரின் பட்டப்படிப்பு ஆய்வாகத் தொடங்கியதுதான்.

இரண்டு விஷயம், தயவுசெய்து மனதில் வையுங்கள். ஒன்று உயிர். அடாப்டரில் ஓடும் ரவுட்டர் வேறு, நேராக 230 வோல்ட்டில் சொருகும் ஸ்மார்ட் பிளக்கும் பல்பும் வேறு. அவற்றில் பலவற்றில் போர்டின் கிரவுண்டே மெயின்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் சொருகிய நிலையில் யூஆர்ட் ஒயரைத் தொட்டால் கம்ப்யூட்டர் போகும், நீங்களும் போகலாம். மெயின்ஸிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து 3.3 வோல்ட் மட்டும் கொடுத்துப் பாருங்கள். இன்னொன்று சட்டம். உங்கள் சொந்தப் பெட்டியைத் திறப்பது வேறு, அதில் கிடைத்த கடவுச்சொல்லை வைத்து அடுத்தவர் சாதனத்துக்குள்ளோ நிறுவனத்தின் சர்வருக்குள்ளோ நுழைவது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. எதையாவது கண்டுபிடித்தால் நிறுவனத்துக்கு எழுதுங்கள், பதில் இல்லையென்றால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன்னுக்கு எழுதுங்கள்.

சரி, சாதாரணமாகப் பயன்படுத்தும் நான் என்ன செய்யலாம்?

வாங்கும்போது அப்டேட் தருகிற நிறுவனமா என்று பாருங்கள். கேமராவையும் பல்பையும் ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபை) போடுங்கள், அதில் ஒன்று விழுந்தாலும் உங்கள் லேப்டாப் வரை வருவது கடினமாகும்.

அப்புறம், பழைய ரவுட்டரையோ கேமராவையோ எடைக்குப் போடும்போது கவனம். உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் பிராட்பேண்ட் கணக்கின் பெயரும் அந்த எட்டுக் கால் சிப்பில் இருக்கின்றன. ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் அமைப்புகள் போகும், ஆனால் சில சாதனங்களில் பழைய தகவல் ஃபிளாஷிலிருந்து உண்மையில் அழிவதில்லை. வேலை செய்யும் பெட்டியென்றால் ரீசெட் செய்து கொடுத்துவிட்டு, வீட்டில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பவரே வராத பெட்டியை ரீசெட் செய்ய வழியில்லை. அதன் மூடியைக் கழற்றி, அந்தச் சின்னச் சிப்பைக் கட்டரால் இரண்டாக நறுக்கிவிட்டுக் கொடுங்கள்.